கடலில் குளிக்கப் போன கட்டில்

ஒரு பொருள் வருஷம் முழுக்க ஒரே வீட்டில் கிடந்தால் அதற்குச் சோம்பல் பிடித்துவிடும் என்பது ஜேனாவின் கொள்கை. பித்தளைத் தாம்பாளம் பச்சை பூத்துவிடும். பீங்கான் தட்டின் முகம் செத்துவிடும். நாலு வீடு பார்த்து, நாலு பேர் கண்ணில் பட்டு வந்தால்தான் அதற்கு உயிர். இந்தக் கொள்கையை அவள் எந்த வீட்டுச் சொந்தக்காரரிடமும் சொன்னதில்லை.

லாமு தீவின் ஷேலா கிராமத்தில் கடலைப் பார்த்து நிற்கும் வீடுகளில் பாதி வெளியாட்களுடையவை. வடக்குக் காற்று தொடங்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் வருவார்கள். ஈஸ்டருக்கு நைரோபிக்காரர்கள். ஆகஸ்டில் இத்தாலிக்காரர். மற்ற நாட்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். சாவியெல்லாம் ஜேனாவின் இடுப்பில். கறுப்பு அங்கிக்குள் அவை கிலுகிலுக்கும் சத்தம் கேட்டால் சந்தில் படுத்திருக்கும் கழுதைகூட எழுந்து வழிவிடும்.

முதல் புருஷன் பாய்மரப் படகில் மொம்பாசாவுக்குப் போய் அங்கேயே இன்னொருத்தி வீட்டில் நங்கூரம் போட்ட வருஷம், ஜேனா ஒரு ஜெர்மானியர் வீட்டுக்குப் பெருக்கித் துடைக்கப் போனாள். கூடத்துச் சுவரில் ஒரு தேங்காய்த் துருவுமணை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் துடைப்பத்தோடு அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"ஐயா, இது தலைகீழா மாட்டியிருக்கு."

"அதுதான் அழகு" என்றார் அவர்.

மறுநாள் சித்தி வீட்டில் கால் உடைந்து கிடந்த துருவுமணையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதையும் மாட்டினார். ஜேனாவின் படிப்பு அத்தோடு முடிந்தது. கரை ஒதுங்கியதெல்லாம் கூடத்துக்குப் போகும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இறால் கூண்டுக்குள் விளக்குப் போட்டால் தொங்குவிளக்கு. உடைந்த படகின் பலகை, ஆணி ஓட்டைகளோடு, சாப்பாட்டு மேஜை. கரையான் தின்ற உரலில் குடை செருகி வைக்கலாம். கழுதைச் சேணத்தைக்கூட ஒரு பிரெஞ்சுக்காரி படுக்கையறையில் மாட்டினாள். அந்தக் கழுதையை ஜேனாவுக்குத் தெரியும். சேணத்தைவிட அது பார்க்க லட்சணமாக இருந்தது.

அவள் சொந்த வீட்டில் இந்த வாடையே கிடையாது. கண்ணாடி அலமாரி, அதற்குள் பிளாஸ்டிக் ரோஜா, தங்க முள் வைத்த சுவர்க்கடிகாரம், வாங்கிய நாளிலிருந்து பாலிதீன் உறை கழற்றாத சோபா. பழசைத் துடைப்பது சம்பளத்துக்கு. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும்.

பொருட்களை ஊர்வலம் விடும் பழக்கம் தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. ஒரு டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் வீட்டுச் சுவர் மாடங்கள் காலியாக மூஞ்சியைக் காட்டிக்கொண்டிருந்தன. ஜேனா இத்தாலிக்காரர் வீட்டு நீலத் தட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினாள். மனைவி, கணவன் வாங்கி வைத்திருக்கிறான் என்று நினைத்து முத்தம் கொடுத்தாள். கணவன், அவள்தான் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்து, ஏன் முத்தம் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டான். நல்ல காரியம் என்று ஜேனாவுக்குப் பட்டது. அதற்குப் பிறகு, ஒரு குடும்பம் கிளம்பும் படகும் இன்னொரு குடும்பம் வரும் படகும் கால்வாயில் ஒன்றையொன்று தாண்டும் நேரத்தில், தட்டுகளும் தாம்பாளங்களும் சந்துகளில் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டிருந்தன.

கட்டிலை மட்டும் அவள் தொட்டதில்லை.

அது நைரோபிக்காரர்களுடையது. கணவர் முகோ, பல் டாக்டர். மனைவி வைரிமு, வக்கீல். சிவப்பும் கறுப்பும் வளையமிட்டுக் கடைந்த கால்கள்; தலைமாட்டில் பூ வரைந்த கண்ணாடிச் சில்லுகள் பதித்த பலகை; முக்காலி போட்டுத்தான் ஏற வேண்டும். முகோவுக்கு அந்தக் கட்டில் மேல் பித்து. வருகிற விருந்தாளிகளையெல்லாம் படுக்கையறைக்கே கூட்டிப்போய் ஒவ்வொரு சில்லாகக் காட்டுவார். அதில் ஒரு சில்லு மட்டும் கண்ணாடி இல்லை. ஒரு ஈஸ்டரில் வைரிமு கணவனைக் குறிவைத்துத் தலைசீப்பை வீசியபோது அது உடைந்தது. முகோ கோபித்துக்கொண்டு கடற்கரையில் நடந்துவிட்டு வருவதற்குள், ஜேனா ஒரு பிஸ்கட் டின் மூடியிலிருந்து ரோஜாப்பூவை வெட்டி அந்த இடத்தில் செருகிவிட்டாள். ஊரார் வாயில் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்க்கும் மனுஷர், அந்தத் தகர ரோஜாவைக் கண்டுபிடிக்கவே இல்லை.

ஜேனாவின் ஒரே மகள் பர்கேக்கு லாமு டவுனில் மாப்பிள்ளை அமைந்தபோதுதான் கட்டில் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் தாய் ரையா. நிச்சயம் பேச வந்தவள் பாலிதீன் சோபாவில் உட்கார்ந்தாள். அது கிறீச்சிட்டது.

"ஷேலாவுல கட்டிலெல்லாம் உண்டா சம்பந்தி? கழுதைக்குப் போட்ட வைக்கோல்ல பாதியை நீங்களே எடுத்துக்குவீங்கன்னு டவுன்ல சொல்லிக்குறாங்க."

கூட வந்த பெண்கள் காப்பிக் கிண்ணத்துக்குள் சிரித்தார்கள்.

"எங்க தாத்தா காலத்துக் கட்டில் இருக்கு" என்றாள் ஜேனா. "கண்ணாடிப் பூ வச்சது. பர்கே அதுலதான் உட்காரப் போறா. நீங்க வந்து பாருங்க. பாத்துட்டுப் போய் டவுன்ல சொல்லுங்க."

அவர்கள் போனதும் சிநேகிதி மசீதி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உன் தாத்தாவா? அவர் படகுக்கு அடியில படுத்தே காலம் தள்ளினாரேடி."

"படகும் மரந்தானே."

சொல்லியாகிவிட்டது. கல்யாணத்தின் கடைசி மாலையில், பெண்ணை அலங்கரித்துக் கட்டிலில் உட்கார வைப்பார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து பெண்ணைப் பார்ப்பார்கள். அதைவிட அதிகமாகக் கட்டிலைப் பார்ப்பார்கள், விரிப்பைத் தடவுவார்கள், சுவரை மோந்துபார்ப்பார்கள். மாப்பிள்ளை வந்து வாழப்போவது பெண் வீட்டில் என்பதால், அந்த அறைதான் பெண் வீட்டாரின் மானம். அன்றைக்கு ரையா என்ன சொல்கிறாளோ அதுதான் பர்கேயின் பெயராக டவுனில் நிற்கும். கட்டில் இரவல் என்று தெரிந்தால் பர்கேயின் பிள்ளைகள்கூட 'இரவல் கட்டிலுக்குப் பிறந்தவர்கள்' ஆகிவிடுவார்கள். ஜேனாவின் இடுப்புச் சாவிகள் போவது தனிக் கணக்கு.

வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்த நேரத்தில், நைரோபிக்காரர்களின் கட்டில் கழற்றப்பட்டுக் கிளம்பியது. தலைமாட்டுப் பலகையை இரண்டு பெண்கள் தூக்கி மேலே கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க, யாரோ மிக அகலமான ஒரு மாமி சந்தில் ஒருக்களித்து நடப்பது போலிருந்தது. மசீதி கட்டிலின் ஒரு காலை அங்கிக்குள், வயிறு முட்டித் தெரிய, அணைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலிலிருந்து ஒருத்தி கேட்டாள்:

"மசீதி, இந்த வயசுலயா?"

"ஆண்டவன் குடுத்தா வேண்டாம்னா சொல்ல முடியும்?"

எல்லாம் நல்லபடியாக நடந்தது. கட்டிலைத் திரும்பப் பொருத்தி, விரிப்புப் போட்டு, தலைமாட்டில் மல்லிகைச் சரங்களைத் தொங்கவிட்டார்கள். தகர ரோஜாவின் மேல் ஜேனா ஒரு சரம் கூடுதலாகப் போட்டாள். கடைசி மாலை வந்தது. பர்கே சாம்பிராணிப் புகையில் குளித்து, முழங்கை வரை மருதாணியோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்த நேரத்தில், வாசலுக்கு வெளியே நின்று ஒரு படகுக்காரன் கத்தினான்:

"ஜேனாக்கா! உங்க நைரோபிக்காரங்க வந்து இறங்கிட்டாங்க. பெட்டியெல்லாம் நான்தான் இறக்கினேன்."

ஜேனாவின் வயிற்றில் ஒரு துருவுமணை தலைகீழாகத் திரும்பியது.

"அம்மா, நான் இறங்கட்டுமா?" என்றாள் பர்கே.

"இறங்கினே, காலை ஒடிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது இருவரும் படுக்கையறையில் நின்றுகொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தரையில் கட்டில் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வைரிமுவின் வழக்கை விசாரிக்க வேண்டிய நீதிபதிக்குக் காய்ச்சலாம். வழக்கு தள்ளிப்போய்விட்டது. ஈஸ்டருக்கு வர வேண்டியவர்கள் இப்போதே வந்துவிட்டார்களாம்.

"கட்டில் எங்கே, பர்கே அம்மா?" என்றார் முகோ.

"கடலுக்குப் போயிருக்கு டாக்டர்."

"என்னது?"

"மூட்டைப்பூச்சி. உப்புத்தண்ணியில ஊறப்போட்டாத்தான் சாகும். இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம்."

அது பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கயிற்றுக் கட்டிலைக் கடலில் முக்கி எடுப்பது அந்த ஊர் வழக்கம்தான். கண்ணாடிப் பூ வைத்த கட்டிலை எந்தப் பைத்தியமும் முக்க மாட்டான் என்பது மலைநாட்டிலிருந்து வந்த பல் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

"எப்ப வரும்?"

"பௌர்ணமிக்குக் கடல் ஏத்தம் வந்து வத்தணும் டாக்டர். அவசரப்பட்டா முட்டையெல்லாம் அப்படியே இருக்கும்."

முட்டை என்றதும் முகோ கழுத்தைச் சொறிந்துகொண்டார். வைரிமு ஜேனாவின் மருதாணிக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் பெண்களின் பாட்டும் கொட்டும் கேட்டன.

"கல்யாணம் யாருக்கு?"

"பர்கேக்கு, வக்கீலம்மா. இன்னிக்குப் பொண்ணு பாக்குற சாயங்காலம். நீங்க ஈஸ்டருக்குத்தானே வருவீங்கன்னு..."

"பாக்க நானும் வரலாம்தானே?"

வந்த விருந்தாளியை வேண்டாம் என்று சொல்ல அந்தக் கரையில் யாருக்கும் வாய் வராது. "வாங்க, வாங்க, உங்க வீடு மாதிரி" என்றாள் ஜேனா. சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை நாக்கில் சுட்டது.

முகோ கட்டிலைத் தேடிக் கடற்கரைக்குப் போனார். கல்யாண வீட்டுத் தெருவிலிருந்து துரத்தப்பட்ட ஆண்கள் எல்லோரும் அங்கேதான் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். கட்டில் என்றதும் அவர்கள் முகம் மலர்ந்தது.

"பாத்தேன் டாக்டர். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம்."

"அது காலையில. இப்ப ஏத்தத்துல கொஞ்சம் நகர்ந்திருக்கும்."

"கால்ல கயிறு கட்டியிருக்கு, பயப்படாதீங்க. எங்கேயும் போகாது."

இரண்டு பேர் எழுந்து அவரோடு நடக்கவும் செய்தார்கள்.

வைரிமு குளித்து, பட்டுத்துணி சுற்றி, காதில் பெரிய வளையம் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் ஸ்வாஹிலி பேசினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலிருக்கும். வாசலிலேயே பெண்கள் ரகசியமாகச் சிரித்தார்கள். அவள் மேல் ரோஜாத் தண்ணீர் தெளித்தார்கள். சமோசாவும் அல்வாவும் வந்தன. ஜேனா அவளை முற்றத்திலேயே உட்கார வைக்கப் பார்த்தாள்.

"இங்க காத்து நல்லா வரும் வக்கீலம்மா. உள்ளே ஒரே புழுக்கம்."

"புழுக்கத்துக்கு எனக்குப் பழக்கம் உண்டு. கோர்ட்டுல விசிறி கிடையாது" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள்.

அறையில் ரையா கட்டிலுக்குப் பக்கத்தில், நடுநாயகமாக, ஒரு நாற்காலியில் இருந்தாள். டவுன் பெண்கள் சுற்றிலும். வைரிமு கட்டிலைப் பார்த்தாள். பிறகு பெண்ணைப் பார்த்தாள். பர்கே, சம்பிரதாயப்படி, கண்ணை மூடியபடி இருந்தாள். இப்போது இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கட்டில் அழகா இருக்கு" என்றாள் வைரிமு.

"ஜேனாவோட தாத்தா கட்டிலாம்" என்றாள் ரையா. அந்த 'ஆம்' அறை முழுக்கக் கேட்டது. "ஷேலாவுல படகுக்குப் பஞ்சு அடைக்கிறவங்க இப்படிக் கட்டில்ல படுத்தாங்கன்னு எனக்கு இந்த வயசுலதான் தெரியுது. எங்க மாமனார் கப்பலே வச்சிருந்தாரு, பாய்லதான் படுத்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மசீதி மூலையில் நின்று, விழாத முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வைரிமு முக்காலியில் ஏறினாள். தலைமாட்டுப் பலகையைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு சில்லு, இரண்டு சில்லு. மல்லிகைச் சரத்தை விரலால் விலக்கினாள். தகர ரோஜா வெளியே எட்டிப் பார்த்தது. அதன் ஓரத்தில் பிஸ்கட் கம்பெனியின் ஒரு எழுத்துகூட இருந்தது.

ஜேனாவுக்கு அந்த நொடியில் தன் வாழ்க்கையில் தூக்கிச் சுமந்த தட்டு, தாம்பாளம், விளக்கு எல்லாம் ஒன்றாகத் தலையில் இறங்கியது போலிருந்தது. மகள் முகத்தைப் பார்த்தாள். மூடிய இமைக்கடியில் விழிகள் அலைந்தன.

வைரிமு சரத்தை மெதுவாக விட்டாள். ரோஜா மறைந்தது. முக்காலியிலிருந்து இறங்கி ரையாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்தக் கட்டில்தானா!" என்றாள் சத்தமாக, அந்தத் தகர டப்பா ஸ்வாஹிலியில். "நான் எத்தனை வருஷமா கேக்குறேன் தெரியுமா? 'பர்கே அம்மா, அந்தக் கட்டிலை எனக்குக் குடுங்க'ன்னு கெஞ்சியிருக்கேன். 'தாத்தா கட்டில், வித்தா என் எலும்பு உறங்காது'ன்னு கதவைச் சாத்திட்டாங்க. கடைசியில அதே மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லி வாங்கிக்கிட்டேன். அது நகல்தானே. அதுக்கு மூட்டைப்பூச்சி வந்து இப்பக் கடல்ல கிடக்கு."

ரையா வாயைத் திறந்தாள். நைரோபி வக்கீல், பட்டுத்துணி, காது வளையம், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, கட்டிலின் காலைத் தொட்டு, அந்த விரலை உதட்டில் வைத்து ஒற்றிக்கொண்டாள்.

"நல்ல கட்டில்" என்றாள்.

மசீதி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். கூரை மூங்கில் அதிரும்படி மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு டவுன் பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டிலைத் தொட்டார்கள். ஒருத்தி, சின்ன வயதில் இதே கட்டிலைப் பார்த்த ஞாபகம் இருப்பதாகவே சொல்லிவிட்டாள்.

சமையலறையில், பிரியாணி அண்டாவுக்குப் பின்னால், வைரிமு ஜேனாவை மடக்கினாள்.

"வக்கீலம்மா, நான்..."

"பேசாதீங்க. கோர்ட்டுல இவ்வளவு ஆசையா ஒரு பொய்யும் சொன்னதில்ல நான்." சமோசாவை ஒரு கடி கடித்தாள். "அந்தப் பிரெஞ்சுக்காரி தன் வீட்டுப் படத்தை ஒரு பத்திரிகையில போட்டிருந்தா. 'கடற்கரையில ஒரு கனவு வீடு'ன்னு. அதுல எங்க தாம்பாளம் இருந்துச்சு. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு எனக்கு."

"அது சும்மா இருந்தா பச்சை பூக்கும் வக்கீலம்மா. அதான்."

"சரி. இத்தாலிக்காரர் வீட்டுக் கூடத்துல ஒரு கண்ணாடி இருக்கே. சிப்பி பதிச்சது. அவர் எப்ப வருவார்?"

ஜேனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வயிற்றிலிருந்த துருவுமணை நேராகத் திரும்பியது.

"ஆகஸ்ட்ல."

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரோட அக்கா வராங்க. போன தடவை வந்தப்ப, 'இதென்ன, கோழிக்கூண்டுக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கே'ன்னு கேட்டாங்க."

"கோழிக்கூண்டா?" ஜேனாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்த வீட்டை அடுக்கியது அவள்தான். "கண்ணாடி மட்டும் பத்தாது வக்கீலம்மா. அதுக்குக் கீழே பிரெஞ்சுக்காரங்களோட பெட்டி இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். பித்தளை ஆணி வச்ச பெட்டி."

"கனமா இருக்குமா?"

"மசீதி இருக்கா."

"கட்டில் பொண்ணுகிட்டயே இருக்கட்டும். அடுத்த ஈஸ்டர் வரைக்கும். வருமுன்னே சொல்லி அனுப்புறேன்."

"உங்களுக்குப் படுக்க?"

"மொட்டை மாடியில மெத்தை போட்டுக்குறோம். அவருக்கு நட்சத்திரம் பாக்கப் பிடிக்கும்னு சொல்லிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்து இறங்கியபோது கூடத்துச் சுவரில் சிப்பிக் கண்ணாடி வெயிலை வாங்கி எதிர்ச் சுவர் முழுக்க இறைத்துக்கொண்டிருந்தது. அடியில் பெட்டி. பெட்டியின் மேல், யாரும் கேட்காமலே, இத்தாலிக்காரரின் நீலத் தட்டு ஒன்று. அக்கா கண்ணாடியில் தன்னைப் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டாள். கோழிக்கூண்டு என்ற வார்த்தை வரவில்லை. ஊருக்குப் போவதற்குள் தனக்கும் இப்படி ஒன்று எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டாள்.

முகோ கடற்கரையிலிருந்து கால் நிறைய மணலோடு வந்தார். கண்ணாடி முன் நின்றார்.

"இது முன்னாடி இங்க இருந்ததா?"

"எப்பவும் இங்கதான் இருந்தது" என்றாள் வைரிமு. "வீட்டுல இருக்குற எதையாவது நீங்க பாத்தாத்தானே."

முகோ தலையை ஆட்டினார். கண்ணாடியைப் பார்த்தபடியே கழுத்தை ஒருமுறை சொறிந்துகொண்டார்.

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஜேனா நிமிர்ந்தாள்.

"டாக்டர், படகுக்காரங்க கட்டிலைப் பாத்துட்டு வந்தாங்களாம். நல்லா ஊறியிருக்காம்."